விபத்து வழக்குக் காகிதங்களைப் படிப்பது எப்படி? – வணிகர்களுக்கு ஒரு பாடம்



கடைக்குச் சரக்கு வந்து இறங்கினால் லாரி ரசீது, பில், ஈ-வே பில் மூன்றையும் வைத்துக்கொண்டு மூட்டைகளை எண்ணிப் பார்க்காமல் நாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. எடையில் ஐந்து கிலோ குறைந்தாலும் உடனே டிரைவரை நிறுத்திக் கேட்கிறோம். ஆனால் அதே வண்டி வழியில் விபத்தில் சிக்கினால், காவல் நிலையத்தில் கொடுக்கும் காகிதத்தை ஒரு வரி கூடப் படிக்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து வக்கீல் கையில் கொடுத்து விடுகிறோம். அதில் வண்டி எண் தவறாக இருந்தாலும், நேரம் மாறியிருந்தாலும் அப்போது நமக்குத் தெரிவதில்லை. இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்கும்போதுதான் தெரிகிறது.

நமது பகுதி நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் பகுதி. வாலாஜாப்பேட்டை, இராணிப்பேட்டை, ஆற்காடு, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று எல்லா ஊரும் சென்னை–பெங்களூர் சாலையில் மணி கோர்த்தது போல் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் காலையிலும் மாலையிலும் போய் வரும் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும், நமது மண்டிகளுக்கு வரும் லாரிகளும், கடைக்குக் கடை சரக்குப் போடும் குட்டி யானை வண்டிகளும் இதே சாலையில்தான் ஓடுகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 விபத்துக்கள் நடந்து 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். ஆகவே இந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிவது நமக்கு மிகவும் அவசியம்.

இரண்டு பேரேடுகள்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விபத்து நடந்தால் போலீஸார் இரண்டு கணக்கு எழுதுகிறார்கள்.

முதலாவது வழக்குக் கணக்கு. யார் தவறு செய்தார், எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும், சாட்சி யார் என்பதெல்லாம் இதில் வரும். இது நீதிமன்றத்துக்குப் போவது.

இரண்டாவது புள்ளிவிவரக் கணக்கு. எந்த இடம், எந்த வகைச் சாலை, எப்படி மோதியது, வெளிச்சம் இருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்பதையெல்லாம் குறியீடுகளாகப் பதிவது. இது அரசாங்கத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் போவது.

முதல் கணக்கு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைப்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது கணக்கு அதே இடத்தில் அடுத்த விபத்து நடக்காமல் தடுப்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தகவல் அறிக்கை

எப்.ஐ.ஆர். என்று நாம் சொல்வது இதுதான். 2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154-ஆவது பிரிவின்படி பதிவானது. அந்தத் தேதி முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவின்படி பதிவாகிறது. புகார் கொடுத்தவருக்கு ஒரு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதையும் புதிய சட்டம் எழுத்தில் வைத்திருக்கிறது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பேச்சுக்கு நமது பகுதியில் இடம் அதிகம். அந்தப் பேச்சுக்கு இனிச் சட்டத்தில் இடமில்லை.

அறிக்கை நாடு முழுவதும் ஒரே மாதிரி அச்சிட்ட படிவம். வரிசை எண் போட்ட பதினைந்து கட்டங்கள் உண்டு. நாம் கவனிக்க வேண்டியவை இவை:

கட்டம் 1: மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண், தேதி. குற்ற எண்தான் இந்த வழக்கின் பில் நம்பர். மருத்துவமனை, இன்சூரன்ஸ், நீதிமன்றம் எங்கு போனாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கட்டம் 2: சட்டமும் பிரிவுகளும். இதைத் தனியாகக் கீழே விளக்குகிறோம்.

கட்டம் 3: இதில் மூன்று நேரங்கள் இருக்கும். விபத்து நடந்த நேரம் ஒன்று. நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம் ஒன்று. பொது நாட்குறிப்பில் பதிவு செய்த நேரம் ஒன்று. மூன்றையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

கட்டம் 5: நடந்த இடம். நிலையத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும். "வேலூர் சாலையில்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த ஊர் எல்லை, எந்தப் பாலம் அல்லது கடை அருகில், சாலையின் எந்தப் பக்கம் என்று புகாரில் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டம் 6 மற்றும் 7: புகார்தாரர் விவரமும் எதிரி விவரமும். மோதிய வண்டியின் எண்ணும் டிரைவர் பெயரும் தெரிந்தால் இங்கே வரும்.

கட்டம் 8: தாமதத்துக்குக் காரணம். அடிபட்டவரைக் காப்பாற்ற மருத்துவமனைக்கு ஓடியதால் மறுநாள் புகார் கொடுத்தால் அதையே காரணமாக எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. தாமதமாகப் பதிவானது என்ற ஒன்றையே வைத்து இழப்பீட்டு மனுவைச் சந்தேகிக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் கூறியிருக்கிறது. இருந்தாலும் காரணம் எழுதியிருந்தால் வாதம் சுலபம்.

கட்டம் 12: புகாரின் சாரம். இதுவே முக்கியம். சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கட்டம் 15: அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும்.

வண்டி எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலூர் வண்டிக்கு 23, இராணிப்பேட்டை வண்டிக்கு 73, வாணியம்பாடிப் பக்கத்து வண்டிக்கு 83. அவசரத்தில் எழுதும்போது 2-ம் 7-ம் ஒன்று போல் தெரியும். ஓர் எண் மாறினால் வழக்கு வேறு யாரோ ஒருவர் வண்டி மேல் போய் நிற்கும். திருத்தம் வேண்டுமானால் அன்றே எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திருத்தினால், இன்சூரன்ஸுக்காக வண்டியை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் வரும்.

பிரிவு எண்களின் பொருள்

ஜி.எஸ்.டி. வந்த பிறகு எச்.எஸ்.என். எண் நமக்கெல்லாம் மனப்பாடம். 41 என்று தொடங்கினால் தோல், 42 என்றால் தோல் பை போன்றவை, 64 என்றால் காலணி. பொருளின் பெயரைப் படிக்காமலே எண்ணைப் பார்த்து வரியைச் சொல்லி விடுவோம். விபத்து வழக்கிலும் அப்படித்தான்.

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த விபத்துக்களுக்கு இந்திய தண்டனைச் சட்ட எண்களே இருக்கும். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., எண்கள் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தருகிறோம்:

வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியது: பழையது 279, புதியது 281.

அதனால் சாதாரணக் காயம்: பழையது 337, புதியது 125(அ). அச்சில் ஆங்கில 'ஏ' எழுத்து இருக்கும்.

அதனால் கொடுங்காயம்: பழையது 338, புதியது 125(ஆ). அச்சில் ஆங்கில 'பி' எழுத்து இருக்கும்.

அதனால் மரணம்: பழையது 304-ஏ, புதியது 106(1). தண்டனை முன்பு இரண்டு ஆண்டு வரை. இப்போது ஐந்து ஆண்டு வரை.

பொதுவழியில் இடையூறு: பழையது 283, புதியது 285. சாலையோரம் விளக்கில்லாமல் லாரியை நிறுத்தி அதில் யாராவது மோதினால் இந்தப் பிரிவும் வரக்கூடும்.

விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை தண்டனை என்ற 106(2)-ஆம் பிரிவை 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் எதிர்த்துப் போராடியதும், அந்தப் பிரிவு மட்டும் அமலுக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டதும் நாம் அறிந்ததே.

கொடுங்காயம் என்றால் என்ன? இரத்தம் அதிகம் போனதா என்பது கணக்கில்லை. எலும்பு அல்லது பல் முறிவு, கண் பார்வை அல்லது காது கேட்பது போவது, உறுப்பு இழப்பு, முகம் நிரந்தரமாக விகாரமாவது, உயிருக்கு ஆபத்தான காயம் ஆகியவை கொடுங்காயம். காயத்தால் பல நாட்கள் கடும் வலியோடு வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் கிடந்தாலும் கொடுங்காயம்தான். அந்த நாட்கள் பழைய சட்டத்தில் 20. புதிய சட்டத்தில் 15. ஆகவே முதல் நாள் எக்ஸ்ரே எடுக்கும் முன் 125(அ) என்று பதிவாகி, மறுநாள் எலும்பு முறிவு தெரிந்தால் பிரிவு மாற வேண்டும். காயச் சான்றிதழை நிலையத்தில் சேர்த்துப் பிரிவு மாற்ற அறிக்கை நீதிமன்றத்துக்குப் போயிற்றா என்று கேட்க வேண்டும்.

இந்தப் பிரிவு மாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். 2018-இல் நமது கடைத்தெருவில் மூட்டை தூக்கிய ஒருவர் மொபெட்டில் வீட்டுக்குப் போகும்போது வேன் மோதி விழுந்தார். 279, 337 என்று வழக்குப் பதிவாயிற்று. மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மேலும் ஒன்பது நாள் கழித்து வீட்டிலேயே இறந்து போனார். அன்று மாலையே அடக்கம் முடிந்தது. நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காகிதத்தில் கடைசி வரை 337-ஆகவே நின்றது. விபத்தால்தான் இறந்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடியது. காயத்துக்கான தொகை மட்டும் கிடைத்தது. கடைத்தெருவில் சேர்த்துக் கொடுத்த பணத்தில் மூத்த பெண்ணின் படிப்பு ஒரு வருடம் நடந்தது. பிறகு அந்தப் பெண் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். விபத்தில் அடிபட்டவர் எத்தனை நாள் கழித்து எங்கே இறந்தாலும், அடக்கத்துக்கு முன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு கடைக்காரரும் தம்மிடம் வேலை செய்பவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பி.என்.எஸ். எண்களோடு மோட்டார் வாகனச் சட்ட எண்களும் சேர்ந்து வருவதுண்டு. 134, 187 என்றால் விபத்துக்குப் பின் நிற்காமலும் உதவாமலும் போனது. 185 என்றால் குடிபோதை. 3, 181 என்றால் லைசென்ஸ் இல்லை. 146, 196 என்றால் இன்சூரன்ஸ் இல்லை. 5, 180 என்றால் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளர் மேல் குற்றம். 199-ஏ என்றால் பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டியது. இதில் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். கடைப் பையனிடம் மொபெட்டைக் கொடுத்து "போய் இந்த மூட்டையைப் போட்டுவிட்டு வா" என்று அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

வழக்குக் கட்டில் இருக்கும் மற்ற காகிதங்கள்

எப்.ஐ.ஆர். என்பது தொடக்கம் மட்டுமே. அதற்குப் பின்னால் சேர வேண்டியவை:

1. விபத்துப் பதிவேட்டு நகல். ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்ததும் டாக்டர் எழுதுவது. எந்த வண்டியால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு அடிபட்டார் என்று கேட்டு எழுதுவார்கள். போலீஸுக்கு முன்பே எழுதப்படுவதால் நீதிமன்றம் இதைக் கவனித்துப் பார்க்கும். கூடப் போனவர் பதற்றத்தில் "கீழே விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வேண்டும்.

2. பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். நடந்த இடத்தைப் பார்த்து இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதுவது. சாலை அகலம், எந்தத் திசையில் எந்த வண்டி வந்தது, எங்கே மோதியது என்பது இதில் தெரியும். தவறு இருவர் மேலும் உண்டு என்று தொகையைக் குறைப்பதற்குப் பெரும்பாலும் இந்த வரைபடத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

3. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. பிரேக், ஸ்டீயரிங், டயர், உடைந்த பாகங்கள் பற்றியது. விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்று கடைசியில் எழுதியிருக்கும்.

4. காயச் சான்றிதழ், மரணமானால் பிரேத விசாரணை அறிக்கையும் பரிசோதனைச் சான்றிதழும்.

5. இறுதி அறிக்கை, அதாவது குற்றப்பத்திரிகை. விசாரணை முடிந்து யார் மேல் எந்தப் பிரிவில் வழக்கு என்று முடிவாகச் சொல்வது. எப்.ஐ.ஆரில் உள்ள பிரிவும் இதில் உள்ள பிரிவும் வேறுபடலாம்.

உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பரில் இட்ட உத்தரவுப்படி, நுட்பமான சில வழக்குகள் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.கள் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும். விபத்து வழக்கின் மற்ற ஆவணங்களையும் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் செலுத்தி எடுக்கலாம். இதற்காக யாரிடமும் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை.

நாட்கணக்கு

2022 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விபத்து விசாரணைக்கு என்று தனிப் படிவங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை நாடு முழுவதும் அமலாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 டிசம்பர் 15-இல் உத்தரவிட்டது. நமக்கு வேண்டிய கணக்கு இவ்வளவுதான்:

48 மணி நேரம்: படிவம் 1, முதல் விபத்து அறிக்கை. விசாரணை அதிகாரி இதைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமை உண்டு என்று சொல்லும் படிவம் 2-ஐ விபத்து நடந்த பத்து நாளுக்குள் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

30 நாள்: டிரைவர் படிவம் 3-உம், வண்டி உரிமையாளர் படிவம் 4-உம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

50 நாள்: படிவம் 5, இடைக்கால விபத்து அறிக்கை.

60 நாள்: பாதிக்கப்பட்டவர் அல்லது குடும்பத்தார் படிவம் 6 கொடுக்க வேண்டும். வயது, வருமானம், குடும்பத்தில் யார் யார், மருத்துவச் செலவு எல்லாம் இதில் வரும்.

90 நாள்: படிவம் 7, விரிவான விபத்து அறிக்கை. வரைபடமும் வாகன ஆய்வு அறிக்கையும் இதனுடன் சேரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 159-ஆவது பிரிவின்படி போலீஸார் அனுப்பும் அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக் கொள்ளலாம். தனியாக மனுப் போடுவதானால் 166(3)-ஆம் பிரிவில் சொல்லியுள்ள ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது.

யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆவது பிரிவில் மரணத்துக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் கேட்கலாம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் 161-ஆவது பிரிவின்படி மரணத்துக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000-உம் உண்டு. "வண்டி தெரியவில்லை, இனி என்ன கிடைக்கும்" என்று எத்தனையோ குடும்பங்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

இரண்டாவது பேரேடு: குறியீடுகள்

இனிப் புள்ளிவிவரக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் நடந்த சாலைத் திட்டத்தின் கீழ், ஆர்.ஏ.டி.எம்.எஸ். என்ற சாலை விபத்துத் தரவு முறை முன்பே இருந்தது. 2017-இல் மத்திய அமைச்சகம் வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி நாடு முழுமைக்கும் ஒரே படிவம் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவல் மையமும் உருவாக்கிய ஐராட் என்ற முறை 2021-இல் ஆறு மாநிலங்களில் முதலில் தொடங்கியது. அதில் தமிழ்நாடும் ஒன்று. போலீஸ்காரர் நடந்த இடத்துக்கே போய்க் கைப்பேசியில் இடத்தையும் படத்தையும் பதிவு செய்கிறார். போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரத் துறையினர் தத்தம் பகுதியை அதே பதிவில் நிரப்புகிறார்கள்.

2017 படிவத்தில் ஏ முதல் இ வரை ஐந்து பகுதிகள். 'ஏ' விபத்தின் அடையாளம்: இடம், நாள், தன்மை. 'பி' சாலை: பெயர், எண், தளத்தின் நிலை. 'சி' வண்டிகள். 'டி' டிரைவர்கள். 'இ' டிரைவர் அல்லாத மற்றவர்கள், அதாவது பயணிகளும் நடந்து போனவர்களும்.

விபத்தின் தன்மை ஐந்து தரமாகப் பிரிகிறது: மரணம், கொடுங்காயம், மருத்துவமனையில் சேர்த்த சிறுகாயம், சேர்க்காத சிறுகாயம், காயமில்லாதது. பருப்பைத் தரம் பிரிப்பது போலத்தான். அமெரிக்காவில் இதையே கே, ஏ, பி, சி, ஓ என்று ஐந்து எழுத்தில் குறிக்கிறார்கள். பிரிட்டனில் 1949 முதல் போலீஸார் ஒரே முறையில் பதிந்து வருகிறார்கள். அங்கே மரணம், கடுமை, இலேசு என்று மூன்று தரம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புள்ளிவிவரக் கணக்கில் விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால்தான் அது சாலை மரணம். பிரிட்டனிலும் அப்படியே. ஆனால் வழக்குக் கணக்கில் இந்த 30 நாள் எல்லை கிடையாது. 40-ஆவது நாள் இறந்தாலும், காயத்தால் இறந்தார் என்று மருத்துவச் சான்று இருந்தால் மரண வழக்குதான். "முப்பது நாள் தாண்டிவிட்டது" என்று யாராவது சொன்னால் இரண்டு பேரேடுகளையும் குழப்புகிறார் என்று பொருள்.

மோதிய விதத்துக்கும் குறியீடு உண்டு: நேருக்கு நேர், பின்னால் மோதியது, பக்கவாட்டில் மோதியது, நடப்பவர் மேல் மோதியது, நின்ற வண்டி மேல் மோதியது, நிலையான பொருள் மேல் மோதியது, சாலையை விட்டு இறங்கியது, கவிழ்ந்தது, மோதிவிட்டு ஓடியது. 2022 கணக்கில் நாட்டிலேயே அதிகம் பின்னால் மோதிய விபத்துக்கள்தான். நெடுஞ்சாலை ஓரம் இரவில் நிற்கும் லாரிகளைப் பார்க்கும் நமக்கு, நின்ற வண்டி மேல் மோதும் விபத்துக்களும் எப்படி நடக்கின்றன என்று தெரியும்.

காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'அதிவேகம்' என்றே விழுகிறது. 2022-இல் பத்து மரணங்களில் ஏழுக்கு அதுவே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. வேகம் உண்மைதான். ஆனால் சாலை நடுவே இடைவெளி இருந்தது, சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் இடம், தெருவிளக்கு எரியவில்லை, ஷிப்டு விடும் நேரத்தில் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள் என்பதெல்லாம் ஒரே சொல்லில் மறைந்து போகும். அப்படி மறைந்தால் டிரைவர் மேல் வழக்கு முடியும். சாலை அப்படியே இருக்கும்.

இதற்குத்தான் கரும்புள்ளிக் கணக்கு உதவுகிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ உள்ள ஐந்து விபத்துக்கள் நடந்தாலோ, அதே காலத்தில் பத்துப் பேர் இறந்தாலோ அது கரும்புள்ளி. கரும்புள்ளி என்று பதிவானால் நெடுஞ்சாலைத் துறை அதைச் சரி செய்ய வேண்டும். ஆனால் ஒரே இடத்தை ஒரு வழக்கில் ஆற்காடு என்றும், இன்னொன்றில் மேல்விஷாரம் அருகே என்றும், மற்றொன்றில் பழைய எண்ணான தேசிய நெடுஞ்சாலை 46 என்றும், வேறொன்றில் இப்போதைய எண் 48 என்றும் எழுதினால் ஐந்து விபத்தும் ஐந்து இடமாகச் சிதறும். புகாரில் இடத்தைச் சரியாக எழுத வேண்டும் என்று மேலே சொன்னது வழக்குக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

நமது வண்டி சம்பந்தப்பட்டால்

பாதிக்கப்பட்டவராக மட்டுமல்ல, உரிமையாளராகவும் நாம் இந்தக் காகிதத்தில் வர நேரலாம். அப்போது மூன்று காகிதங்கள் நம்மைக் காப்பாற்றும்: நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், தகுதிச் சான்று, டிரைவரின் சரியான லைசென்ஸ். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் சுமையோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் சொன்னதை, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-இல் உறுதி செய்தது. குட்டி யானை, மினி லாரி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது வேறு விஷயம். சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்குடன் வந்தால் காப்பீடு உண்டு. வழியில் ஏறிய தெரிந்தவர், கல்யாணத்துக்குப் போகும் கூட்டம் போன்றவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. தொகை உரிமையாளர் தலையில் விழும். எப்.ஐ.ஆரின் 12-ஆவது கட்டத்தில் 'வண்டியில் ஏறி வந்தார்' என்று இருக்கிறதா, 'சரக்குடன் வந்தார்' என்று இருக்கிறதா என்பது அப்போது பெரிய விஷயமாகும். நடந்தது எதுவோ அதுதான் எழுதப்பட வேண்டும். பொய்யாக எழுதச் சொன்னால் பிறகு ஏ.ஆர். காப்பியே காட்டிக் கொடுத்துவிடும்.

கடையில் ஒட்டி வைக்க

1. அடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். உதவி செய்தவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று சட்டம் 134-ஏ பிரிவில் பாதுகாப்புத் தருகிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது.

2. வண்டி எண்ணையும் இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

3. ஏ.ஆர். காப்பி, எப்.ஐ.ஆர். இரண்டிலும் பெயர், வண்டி எண், நேரம், இடம் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். பில்லையும் சரக்கையும் ஒப்பிடுவது போலத்தான்.

4. எலும்பு முறிவோ மரணமோ பிறகு தெரிந்தால் பிரிவு மாற்றம் கேட்க வேண்டும்.

5. 30, 60, 90 நாட்களை நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

6. வெள்ளைக் காகிதத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடக் கூடாது.

நமது அங்கத்தினர்கள் இந்தப் பக்கங்களைக் கத்தரித்துக் கல்லாப் பெட்டி அருகில் வைத்துக்கொள்ளலாம். கடையில் வேலை செய்யும் லோடுமேன், டிரைவர், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் ஒரு நாள் மாலையில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினால் அரை மணி நேரம்தான் ஆகும். இரவில் விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் நிற்கப் போகிறவர்கள் முதலாளிகளாகிய நாம் அல்ல, பெரும்பாலும் அவர்கள்தான். ஆகவே அவர்களுக்குத் தெரிந்திருப்பதே முக்கியம் என்று கேட்டுக் கொள்கிறோம்.